வாய் திறந்தால் கை எழுதும்: ஆறாம் ஆண்டு ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடும் முறை

– தலைமையாசிரியர்



ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம்மை நோக்கி எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பையன் ஆங்கிலத்தில் நல்ல புள்ளிதான் எடுக்கிறான். ஆனால் பட்டணத்தில் யாராவது ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறானே, ஏன்?" என்பதே அக்கேள்வி. இதற்கு நாம் பல ஆண்டுகளாக, "வயது வந்தால் பேச்சு தானாக வரும்" என்று விடை கூறி வந்தோம். அவ்விடை தவறு என்பதை நமக்கு உணர்த்தியவள் நம் முன்னாள் மாணவி ஒருத்தி.

அவள் நம் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் முதல் நிலையில் நின்றவள். இடைநிலைப்பள்ளி சென்ற சில மாதங்களில், சான்றிதழ் ஒன்றன் படிவத்தில் ஒப்பம் பெற நம் அலுவலகத்திற்கு வந்தாள். படிப்பு எவ்வாறு உள்ளது என வினவினோம். சற்று நேரம் தரையைப் பார்த்தபடி நின்றவள், "ஐயா, வகுப்பில் ஆசிரியர் என் கருத்தைக் கேட்டார். என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போது கடைசி வரிசையில் அமர்கிறேன்," என்றாள்.

நாம் அவளுக்குச் சொற்களைக் கற்பித்தோம், இலக்கணம் கற்பித்தோம், மனப்பாடம் செய்யக் கட்டுரைகளும் கொடுத்தோம். கருத்துக் கூறும் வாய்ப்பை மட்டும் ஆறாண்டுகளில் ஒரு நாளும் கொடுத்தோமில்லை. அக்குறை அவளுடையதன்று, நம்முடையது. அதன் பின்னரே நாமும் ஆங்கில ஆசிரியையும் ஒன்றாக அமர்ந்து, கலந்துரையாடலையும் எழுத்துப் பயிற்சியையும் இணைத்துப் பாடங்களைத் திட்டமிடத் தொடங்கினோம். அம்முறையைப் பெற்றோரும் மாணவரும் அறியவேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை வரைகின்றோம். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் படித்துணரும் பொருட்டு, ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம்.

உயர்நிலைப் பாடம் என்பது யாது?

உயர்நிலைப் பாடம் என்றவுடன் கடினமான சொற்களும் நீண்ட வாக்கியங்களும் பலருடைய நினைவுக்கு வரும். உண்மை அதுவன்று. 2001-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாக வகுத்து ஓர் அளவுகோலை வெளியிட்டது. நம் நாட்டுக் கல்வி அமைச்சு 2015 முதல் 2025 வரைக்கும் வகுத்த ஆங்கிலமொழிக் கல்விச் சீர்திருத்தத் திட்டமும் அவ்வளவுகோலையே கைக்கொண்டது. அத்திட்டத்தின்படி ஆறாம் ஆண்டின் முடிவில் மாணவர் எட்டவேண்டிய படி ஏ2 ஆகும்.

ஏ2 படியில் நிற்பவர், தமக்குப் பழக்கமான செய்திகளை எளிய முறையில் கேட்கவும் சொல்லவும் வல்லவர். அடுத்துள்ள பி1 படியில் நிற்பவரோ, தம் கருத்தைக் கூறி அதற்குரிய காரணத்தையும் சுருக்கமாக விளக்க வல்லவர். 'எங்கள் பள்ளி சிறியது' என்பது செய்தி. 'சிறிய பள்ளியே எனக்கு நல்லது. ஏனெனில் எல்லா ஆசிரியரும் என் பெயரை அறிவர்' என்பது கருத்தும் காரணமும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாலம் 'ஏனெனில்' என்னும் ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் அது 'பிகாஸ்'. நம் ஆறாம் ஆண்டு மாணவருக்கு உயர்நிலைப் பாடம் என்று நாம் கூறுவது, இந்த ஒரு பாலத்தைக் கடக்கச் செய்யும் பாடத்தையேயாகும்.

1988-ஆம் ஆண்டு தொடங்கி 2019 வரை நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில், பல பள்ளிகளைப் போல நாமும் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொன்னோம். 2021-ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போயினும் மனப்பாடப் பழக்கம் எளிதில் போவதில்லை. பிறர் கருத்தைப் பிறர் சொற்களில் ஒப்பிக்கும் பிள்ளை, தன் கருத்தைக் கேட்கும்போது திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

தலைப்பைத் தெரிவு செய்தல்

திட்டத்தின் முதற்படி தலைப்பு. இதில் நாம் முதலில் தவறினோம். கடையில் வாங்கிய பயிற்சி நூலிலிருந்து, 'விடுமுறைக்குச் சிறந்தது பனிமலையா, கடற்கரையா?' என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டு வகுப்பிற்குள் சென்றோம். பன்னிரண்டு பிள்ளைகளும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தனர். பனியை அவர்கள் குளிர்பதனப் பெட்டியில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை. பேச ஒன்றுமில்லாத இடத்தில் மொழி மட்டும் எங்கிருந்து வரும்?

அன்று கற்ற பாடத்தால், இப்போது ஒவ்வொரு தலைப்பையும் மூன்று கேள்விகளால் சோதிக்கின்றோம். முதலாவது, இதைப் பற்றிப் பிள்ளை தன் வாழ்வில் கண்டறிந்தது ஏதேனும் உண்டா? இரண்டாவது, இரு பக்கத்திலும் நியாயம் உண்டா? மூன்றாவது, பிள்ளை எழுதுவதை ஆசிரியர் அல்லாத ஒருவர் படிக்கப் போகின்றாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை வந்தால் மட்டுமே அத்தலைப்பைக் கொள்கின்றோம்.

அவ்வாறு கிடைத்த தலைப்புகளுள் ஒன்றையே இங்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றோம். 'நம் பள்ளி தோட்டத்திலேயே இருக்கவேண்டுமா, பட்டணத்துக்கு மாறவேண்டுமா?' என்பது அத்தலைப்பு.

இதன் பின்னணியைப் பெரியவர்கள் அறிவர். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் அளவில் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. நாட்டின் பல பகுதிகளில் தோட்டப் பள்ளிகள் பெருகியது அவ்வாறே. பின்னாளில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. 150-க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை 'குறைந்த மாணவர் பள்ளி' எனக் கணக்கிடப்படுகின்றன. நம் பள்ளியும் அவற்றுள் ஒன்று. ஆறாம் ஆண்டில் உள்ள பன்னிருவருள் நால்வரே தோட்டத்தில் வாழ்பவர். எஞ்சிய எண்மரும் தாமானிலிருந்து வேனில் வருபவர்.

இத்தலைப்பை எடுக்க நாம் தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இதே பொருள் பற்றிக் கூட்டங்களில் பெரியவர்கள் குரல் உயர்த்திப் பேசியதைக் கேட்டிருக்கின்றோம். "பெரியவர்கள் இத்தனை நாள் பேசினோம், இங்கே படிக்கும் பிள்ளைகளை ஒரு நாளாவது கேட்டோமா?" என்று ஆங்கில ஆசிரியை வினவினார். அதற்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.

அறுபது நிமிடப் பங்கீடு

தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை முப்பது நிமிடம். பேசிப் பின் எழுதுவதற்கு இஃது போதாது. ஆதலால் இரு பாடவேளைகளை இணைத்து அறுபது நிமிடமாகக் கொள்கின்றோம். அதனைப் பின்வருமாறு பங்கிடுகின்றோம்.

1. பீடிகை – 5 நிமிடம்
2. சொற்களும் தொடர்களும் – 8 நிமிடம்
3. இருவர் இருவராகப் பேசுதல் – 7 நிமிடம்
4. நால்வர் குழுவில் கலந்துரையாடல் – 12 நிமிடம்
5. வகுப்பின் முன் அறிவித்தல் – 5 நிமிடம்
6. எழுதுதல் – 20 நிமிடம்
7. முடிவு – 3 நிமிடம்

இப்பங்கீட்டில் எழுதுவதற்கே மிகுதியான நேரம் ஒதுக்கியிருப்பதைக் காண்க. முதன்முறை திட்டமிட்டபோது பேச்சுக்கு எல்லை வகுக்காமல் விட்டோம். பேச்சு சுவையாகவே நடந்தது. ஆனால் எழுத ஆறு நிமிடமே எஞ்சியது. மறுநாள் பிள்ளைகள் பேசியதை மறந்துவிட்டனர். சூடு ஆறுமுன் எழுதவேண்டும் என்பதை அன்று அறிந்தோம். இப்போது ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கின்றது.

படிப்படியாகப் பாடம்

பீடிகையாக இரண்டு படங்களைக் காட்டினோம். ஒன்று நம் பள்ளியின் பழைய பலகைக் கட்டடம். மற்றொன்று பட்டணத்தில் உள்ள ஒரு மாடிக் கட்டடப் பள்ளி. 'எது அழகு?' என்று கேட்கவில்லை. 'காலையில் நீ இங்கே வந்து சேர்வது எவ்வாறு?' என்று மட்டும் கேட்டோம். அனைவராலும் விடை கூற இயலும் கேள்வியே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

அடுத்து எட்டுச் சொற்கள். ஸ்டே, மூவ், ஃபார், சேஃப், வேன், ஃபீல்ட், நெய்பர், மெமரி என்பன அவை. எட்டுக்கு மேல் கொடுத்தால் பிள்ளைகள் சொற்களைச் சுமந்து நிற்பரேயன்றிப் பயன்படுத்தார். சொற்களைவிட இன்றியமையாதவை தொடர்கள். கலந்துரையாடலுக்கு நாம் கற்பிக்கும் தொடர்கள் ஐந்தே.

- ஐ திங்க் ... பிகாஸ் ... (நான் இவ்வாறு நினைக்கிறேன், ஏனெனில்)
- ஐ அக்ரீ வித் யூ. (உன் கருத்தை ஏற்கிறேன்)
- யூ ஆர் ரைட், பட் ... (நீ சொல்வது சரிதான், ஆனால்)
- வாட் டூ யூ மீன்? (நீ கூறுவதன் பொருள் யாது?)
- கேன் யூ கிவ் அன் எக்ஸாம்பிள்? (ஓர் எடுத்துக்காட்டுத் தரமுடியுமா?)

இவற்றைப் பெரிய மாஜோங் தாளில் எழுதி, எல்லாப் பிள்ளைகளும் காணும்படி சுவரில் ஒட்டிவிடுகின்றோம். அம்மாணவி கூறிய 'எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை' என்னும் குறைக்கு இதுவே மருந்து. தொடக்கம் சுவரில் இருக்கின்றது; எஞ்சியது பிள்ளையின் நெஞ்சில் இருக்கின்றது.

மூன்றாம் படி இருவர் பேச்சு. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் என்பார், முதலில் தனியே சிந்தித்து, பின் இணையோடு பேசி, அதன் பின்னரே வகுப்போடு பகிர்ந்துகொள்ளும் முறையை அறிமுகப்படுத்தினார். நாம் அதனைச் சிறிது மாற்றிக் கையாள்கின்றோம். முதல் இரண்டு நிமிடம் பிள்ளைகள் தமிழிலேயே சிந்தித்துப் பேசலாம். அடுத்த ஐந்து நிமிடம் ஆங்கிலம். தமிழுக்கு இடம் கொடுத்தால் ஆங்கிலம் வளராது எனச் சிலர் அஞ்சுகின்றனர். நாம் கண்டது வேறு. தமிழில் காரணத்தைத் தெளிவாகக் கண்டுகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொற்களை மட்டும் தேடினால் போதும். காரணமே இல்லாத பிள்ளைக்கு எம்மொழியும் உதவாது.

நான்காம் படி குழுக் கலந்துரையாடல். நால்வருக்கும் நான்கு பணிகள்: தலைவர், குறிப்பெழுதுபவர், நேரம் காப்பவர், அறிவிப்பவர். குறிப்புத் தாளில் 'கருத்து', 'காரணம்', 'சான்று' என மூன்று பத்திகள் உள்ளன. சான்று என்பது தான் நேரில் கண்டதாக இருக்கவேண்டும்.

இங்கே ஓர் எளிய பயிற்றுத்துணைப் பொருளைப் பற்றிக் கூறவேண்டும். பள்ளியின் பின்புறம் எஞ்சி நிற்கும் பால்மரங்களின் கொட்டைகளைப் பொறுக்கி வைத்துள்ளோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கொட்டைகள். ஒரு முறை பேசினால் ஒரு கொட்டையை மேசை நடுவே வைக்கவேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருக்கவேண்டும். கையில் கொட்டை உள்ளவர் பேசியே ஆகவேண்டும். வாயாடிப் பிள்ளை பொறுமையைக் கற்கின்றது. ஊமையாய் இருந்த பிள்ளை தன் முறை வருவதை அறிகின்றது. செலவோ ஒரு காசும் இல்லை.

ஆசிரியருக்கும் இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. 1970-ஆம் ஆண்டுகளில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டபின் ஒரு விநாடி அளவே விடைக்காகக் காத்திருப்பதைக் கண்டார். அதனை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன. விடை கூறுவோர் தொகையும் பெருகியது. மூன்று விநாடி சிறிதெனத் தோன்றும். வகுப்பின் முன் நின்று பார்த்தால்தான் அஃது எத்துணை நீண்டதென்பது விளங்கும். நாம் மனத்திற்குள் ஐந்து வரை எண்ணுகின்றோம். பேசும் பிள்ளையின் பிழையை நடுவில் திருத்துவதுமில்லை. பிழைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பெயர் கூறாமல் இறுதியில் விளக்குகின்றோம்.

எழுத்துப் பயிற்சி

எழுதுவதற்கு ஐந்து படிகள் வகுத்துள்ளோம். முதலில் என் கருத்து, இரண்டாவது காரணம், மூன்றாவது நான் கண்ட சான்று, நான்காவது மறுபக்கத்தார் கூறுவதும் அதற்கு என் மறுமொழியும், ஐந்தாவது முடிவு. எண்பது சொற்கள் போதும். நான்காம் படியே இவற்றுள் கடினமானது. பிறர் கூறியதைக் கேட்டவரால் மட்டுமே அதனை எழுத இயலும். கலந்துரையாடலையும் எழுத்தையும் பிணைக்கும் முடிச்சு இதுவே.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. குறைநீக்கல் தேவைப்படுவோர்க்கு வாக்கியத்தின் முன்பாதியை எழுதிக் கொடுத்துப் பின்பாதியை நிறைவு செய்யச் சொல்கின்றோம். திடப்படுத்தும் நிலையில் உள்ளோர் ஐந்து படிகளையும் தாமே எழுதுவர். வளப்படுத்தும் நிலையில் உள்ளோர், தாம் ஏற்காத பக்கத்திற்கும் ஒரு பத்தி எழுதவேண்டும்.

திருத்தும் முறையும் திட்டத்தில் அடங்கும். சிவப்பு மை நிறைந்த தாளைப் பெறும் பிள்ளை அடுத்த முறை குறைவாகவே எழுதும். எழுதினால்தானே பிழை வரும்! ஆதலால் முதலில் கருத்தைப் பற்றி ஒரு வரி எழுதுகின்றோம். அதன் பின் இரு வகைப் பிழைகளை மட்டும் குறியிடுகின்றோம். விடையை நாம் எழுதுவதில்லை. பிள்ளையே கண்டு திருத்தி மறுநாள் மீண்டும் எழுதவேண்டும். முதற்படியும் இரண்டாம் படியும் ஒரே கோப்பில் வைக்கப்படும். தன் வளர்ச்சியைத் தானே காண்பதைவிடச் சிறந்த பாராட்டு வேறில்லை.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

நம் பிள்ளைகள் மூன்று மொழிகளைச் சுமப்பவர்கள். பிழைகள் பல, அம்மொழிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பிறக்கின்றன. 'என் பள்ளி சிறியது' என்னும் தமிழ்த் தொடரில் 'இஸ்' என்பதற்கு நிகரான சொல் இல்லை; மலாயிலும் இல்லை. எனவே பிள்ளை 'மை ஸ்கூல் ஸ்மால்' என்கின்றது. 'தி' என்னும் சிறு சொல் தமிழில் இல்லை. ஆதலால் அது விடுபடுகின்றது. தமிழில் 'பேருந்து வராததால் தாமதமாயிற்று' எனக் காரணத்தை முன்னே வைப்போம். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் லேட் பிகாஸ் தி பஸ் டிட் நாட் கம்' என விளைவை முன்னும் காரணத்தைப் பின்னும் வைப்பது பெருவழக்கு. இவ்வேறுபாட்டை ஒரு முறை கரும்பலகையில் இரு வாக்கியங்களாக எழுதிக் காட்டினால் 'பிகாஸ்' என்னும் பாலம் எளிதாகின்றது.

மொழிகள் தடை மட்டும் அல்ல, துணையும் ஆகின்றன. தமிழில் வினைச்சொல் இறுதியில் நிற்கும். மலாயில் 'சாயா மாக்கான் நாசி' என வினை நடுவில் நிற்கும்; ஆங்கிலமும் அவ்வாறே. எனவே சொல்லொழுங்கில் மலாய் கைகொடுக்கின்றது. மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. தமிழிலோ சென்றேன், செல்கிறேன், செல்வேன் என மாறும். எனவே காலம் உணர்த்துவதில் தமிழ் கைகொடுக்கின்றது. 'நேற்று என்பதால் சென்றேன் என்கிறாய் அல்லவா? ஆங்கிலத்திலும் கோ என்பது வென்ட் ஆகும்' என்று கூறினால் பிள்ளை உடனே பற்றிக்கொள்கின்றது.

அன்று வகுப்பில் நிகழ்ந்தது

திட்டம் தாளில் இருப்பது. பாடம் வகுப்பில் நிகழ்வது. அன்று ஒரு குழுவில் ஒரு மாணவன் தன் மூன்று கொட்டைகளையும் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தான். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுநரின் மகன் அவன். ஆறாண்டுகளில் ஆங்கில வகுப்பில் அவன் தானாக வாய் திறந்து நாம் கண்டதில்லை. மற்ற மூவரும் பேசி முடித்துக் காத்திருந்தனர். குழுத்தலைவி, "யூ ஸ்டில் ஹேவ் த்ரீ," என்றாள். நாம் மனத்திற்குள் எண்ணத் தொடங்கினோம். ஐந்தும் கடந்தது, பத்தும் கடந்தது. அவன் ஒரு கொட்டையை வைத்தான்.

"மை கிராண்ட்மதர் வெயிட் அட் கேட் எவ்ரி டே. இஃப் ஸ்கூல் மூவ், ஷீ வெயிட் ஃபார் ஹூ?"

என் பாட்டி நாள்தோறும் வாயிலில் காத்திருக்கிறார். பள்ளி மாறினால் அவர் யாருக்காகக் காத்திருப்பார் என்பது அதன் பொருள். அதில் பிழைகள் உண்டு. ஆயினும் கருத்து இருந்தது, காரணம் இருந்தது, தன் கண்ணால் கண்ட சான்றும் இருந்தது. மனப்பாடக் கட்டுரைகள் நூறு படித்திருந்தாலும் அவ்வாக்கியம் அவனுக்குக் கிடைத்திராது.

உடனே தாமானிலிருந்து வரும் குழுத்தலைவி, "யூ ஆர் ரைட், பட் ஐ வேக் அப் அட் ஃபைவ். தி வேன் கம்ஸ் அட் ஃபைவ் ஃபார்ட்டி. ஐ ஆம் ஆல்வேஸ் ஸ்லீப்பி," என்றாள். ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்து நாற்பதுக்கு வேன் ஏறி, எந்நாளும் தூக்கக் கலக்கத்தோடு வருவதாக அவள் கூறினாள். தன் நண்பி இருட்டில் எழுகின்றாள் என்பதை அம்மாணவன் அன்றுதான் அறிந்தான். அவன் முதலில் எழுதிய தாளில் நான்காம் படி வெறுமையாக இருந்தது. மறுநாள் திருத்தி எழுதியதில் அஃது நிறைந்திருந்தது.

"மை கிராண்ட்மதர் வெயிட்ஸ் அட் தி கேட் எவ்ரி டே. இஃப் தி ஸ்கூல் மூவ்ஸ், ஹூ வில் ஷீ வெயிட் ஃபார்? பட் மை ஃப்ரெண்ட் வேக்ஸ் அப் அட் ஃபைவ். தட் இஸ் நாட் ஃபேர் டூ."

'அதுவும் நியாயமில்லை' என்று முடித்திருந்தான். கூட்டங்களில் பெரியவர்களாகிய நாம் இவ்வாறு மறுபக்கத்தை ஒப்புக்கொண்டு பேசியது அரிது என்பதை வெட்கத்தோடு நினைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு கடிதங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு முகவரியிடப்பட்டவை. அடுத்த செயலவைக் கூட்டத்தில் அவை படிக்கப்பட்டுத் தமிழிலும் விளக்கப்பட்டன. பள்ளி மாறுவதா இருப்பதா என்பது பன்னிரண்டு கடிதங்களால் தீரும் வழக்கன்று. அஃது இன்னும் தீரவில்லை. ஆயினும் 'ஐந்து நாற்பது' என்னும் ஒரு சொல்லைக் கேட்ட செயலவையினர் வேன் ஓட்டுநரோடு பேசினர். பிள்ளைகளை ஏற்றும் வழி மாற்றியமைக்கப்பட்டது. இப்போது அக்குழந்தையின் வீட்டு வாயிலுக்கு வேன் ஆறு மணிக்குப் பின்னரே வருகின்றது. தான் எழுதியதால் ஒன்று மாறியது என்பதைக் கண்ட பிள்ளைக்கு, எழுத்தின் பயன் யாது என நாம் விளக்கவேண்டியதில்லை.

அம்மாணவனின் பாட்டியார் ஒரு காலத்தில் பால் வெட்டியவர். பேரன் தன் கடிதத்தை வீட்டில் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பொருள் கூறினானாம். மறுநாள் வாயிலில் நம்மைக் கண்டவர், "என்னைப் பற்றி இங்கிலீசுல எழுதினானாமே, ஐயா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெற்றோர்க்கு

'நமக்கே ஆங்கிலம் தெரியாது. பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது?' என வருந்தும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். உங்களால் இயன்ற உதவி பெரிது. இரவு உணவின்போது பிள்ளையிடம் ஏதேனும் ஒன்றைப் பற்றி, "நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று தமிழிலேயே கேளுங்கள். விடை வரும் வரை பொறுத்திருங்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். வீட்டில் காரணம் கூறிப் பழகிய பிள்ளை வகுப்பில் எம்மொழியிலும் காரணம் கூறும். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அந்தக் கால்மணி நேரம் அணைத்து வைத்தால் அதுவே போதிய உதவி.

ஆங்கிலத்தின் பொருட்டுத் தமிழை வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டா. வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதால் பயனில்லை.

மாணவர்க்கு

மாணவச் செல்வங்களே! பிழை நேருமோ என்று அஞ்சி வாய்மூடி இராதீர்கள். பேசிய பிழையைத் திருத்தலாம். பேசாத பிழையைத் திருத்த எந்த ஆசிரியராலும் இயலாது. நண்பன் பிழையாகப் பேசும்போது நகையாதீர்கள். அவன் கூறவருவது யாது எனக் கேளுங்கள். நாள்தோறும் ஒரு கருத்தையும் அதற்கு ஒரு காரணத்தையும் ஆங்கிலத்தில் இரு வரி எழுதுங்கள். ஓராண்டில் நீங்கள் எழுதியவை எழுநூறு வரிகளைக் கடந்துவிடும்.

கடைசி வரிசையில் அமர்ந்த அந்த மாணவிக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அவளுக்கு நேர்ந்தது உங்களுள் ஒருவருக்கும் நேரக்கூடாது என்பதே நம் அவா. இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர் உங்கள் கருத்தைக் கேட்கும் நாளில், எழுந்து நின்று, 'ஐ திங்க்' எனத் தொடங்குங்கள். பால்மரக் கொட்டையை மேசைமேல் வைத்த அந்த நண்பனை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியது தானே வரும்.

அனைவரும் ஒன்றுபட்டு உழைத்து நம் பிள்ளைகளின் வாய் திறக்க வழி செய்வோமாக!